எடுத்த இடத்தில் திரும்ப வைக்க: வீட்டில் புத்தகம் அடுக்குவது எப்படி

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா முடிந்த கையோடு மதுரையில் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பை பையாக வாங்கி வந்த புத்தகங்கள் சோபா ஓரத்தில், ஃபிரிட்ஜ் மேல், கட்டில் தலைமாட்டில் என்று குடியேறிவிடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது பொறுக்க முடியாமல் அலமாரியை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று உட்கார்வார்கள், சாயங்காலத்துக்குள் பார்க்க அழகாகவும் ஆகிவிடும். சில மாதத்தில் பழையபடி. அடுக்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது, தேடினால் எப்படிக் கிடைக்கும் என்பதைத்தான். எடுத்த புத்தகத்தை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எங்கே திருப்பி வைப்பார் என்று யோசிப்பதில்லை. அலமாரி கலைவது அங்கேதான். அதனால் கீழே சொல்வது எல்லாமே அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்: வீட்டில் யார் எடுத்தாலும், யோசிக்காமல் அதே இடத்தில் திரும்ப வைக்க முடிய வேண்டும்.

எல்லாவற்றையும் இறக்குங்கள்

அலமாரியில் இருக்கும்போதே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று மாற்றிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. ஹாலில் பாயை விரித்து மொத்தத்தையும் இறக்குங்கள். நிறைய இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஒன்றை முழுதாகக் காலி செய்துவிட வேண்டும்.

எந்த நாளில் செய்வது என்பதிலும் கொஞ்சம் விவரம் இருக்கிறது. ஆடிக் காற்றில் செய்தால் துடைக்கத் துடைக்கப் புழுதி வந்து உட்காரும், ஐப்பசி அடைமழையில் செய்தால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே வைத்து மூடுவீர்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம்தான் தோதானது. எப்படியும் பூஜைக்குப் புத்தகங்களை இறக்கி அடுக்கப் போகிறோம், அன்று யாரும் எடுத்துப் படிக்கக் கூடாது என்று வேறு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், விஜயதசமியன்றுதான் பிரிக்க வேண்டும். அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். மழைக்கு முன்னால் தூசி தட்டி, பூச்சி பார்த்து, சுவரையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடலாம். சாமி கும்பிடாதவர்களும் இந்தத் தேதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தூசி தட்ட, பெயின்ட் கடையில் கிடைக்கும் இரண்டு இஞ்ச் பிரஷ் போதும், புதுசாக, காய்ந்ததாக. புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு மேல் விளிம்பில், முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். தூசி அதிகம் தங்குவது அந்த மேல் விளிம்பில்தான். ஈரத் துணி வேண்டாம். இரண்டு புத்தகங்களை ஒன்றோடொன்று பட்பட்டென்று அடிக்கும் பழக்கமும் வேண்டாம், இப்போது வருபவை பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியவை, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தட்டத் தட்ட நான்கு குவியலாகப் போடுங்கள். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, பைண்டிங்குக்குப் போக வேண்டியது, பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வருவது. கடைசிக் குவியலை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கொடுத்துவிடுவதில் தயங்காதீர்கள். கல்லூரிக் காலத்து கைடு, பழைய வருஷப் பஞ்சாங்கம், கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த நோட்டு, இவையெல்லாம் தட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையான சமச்சீர் பாடப் புத்தகங்களை மட்டும் எடைக்குப் போட வேண்டாம். டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களுக்கு அவைதான் அடிப்படை, உங்கள் தெருவிலேயே ஒருவராவது தேடிக்கொண்டிருப்பார். போகிக்குப் புத்தகத்தைக் கொளுத்துகிற வீடுகளும் இருக்கின்றன, அதைப் பற்றி நான் நல்ல வார்த்தை எதுவும் சொல்வதற்கில்லை.

எந்தச் சுவர்

நம் ஊர் வீடுகளில் அலமாரி பெரும்பாலும் சுவரிலேயே பதித்திருக்கும், கடப்பாக்கல் தட்டு போட்டு, சில வீடுகளில் கண்ணாடிக் கதவோடு. கல் வளையாது, கரையான் அரிக்காது, அந்த வகையில் நல்லது. ஆனால் அந்த அலமாரி வெளிச்சுவரில் இருந்தாலோ, பின்னால் குளியலறை இருந்தாலோ ஓதம் ஏறும். கார்த்திகையில் பின்பக்கப் புத்தகத்தை எடுத்தால் ஒரு புழுங்கல் வாடை வருமே, அதுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவர் பாத்திரத்துக்கு ஆகும், புத்தகத்துக்கு ஆகாது.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயில் சாயங்காலம் நேராக உள்ளே வந்து முதுகு எழுத்தையெல்லாம் வெளுத்துவிடும், சிவப்பு முதலில் போகும். பசையும் காய்ந்து மொறுமொறுவென்று ஆகி, திறந்தால் பக்கம் பக்கமாகக் கழன்று கையில் வரும். பரணில் போடுவதும் இதே கதைதான், ஓடோ கான்கிரீட்டோ, கூரைக்கு அடியில் இருக்கிற சூடு அவ்வளவு.

தனியாக ரேக் வாங்கினால் சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு இஞ்ச் தள்ளி வையுங்கள். காற்று போக ஒரு வழி, அதைவிட முக்கியமாக, கரையான் மண்கோடு போட்டு ஏறினால் கண்ணில் படும். கடைசித் தட்டு தரையிலிருந்து நாலு இஞ்சாவது மேலே இருக்கட்டும். வீடு கழுவிவிடுகிற பழக்கம் உள்ள வீடு என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

தட்டின் அளவு

இங்கேதான் பலர் காசைக் கொடுத்துத் தொல்லையை வாங்குகிறார்கள். ஆசாரி வந்து அளவெடுத்துவிட்டு, "சார், ஒன்றரை அடி ஆழம் வச்சுருவோம், நாளைக்கு எதுக்கும் ஆகும்" என்பார். அவர் சொல்வது துணி வைக்க, பாத்திரம் வைக்கச் சரி. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை இரண்டு அளவில் வருகின்றன. கிரவுன் 1/8 என்றால் ஏறக்குறைய 12 × 18 செ.மீ., டெமி 1/8 என்றால் 14 × 21.5 செ.மீ. பதிப்பு விவரம் போடும் பக்கத்தில் அளவு என்று எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். இரண்டுமே ஆறு இஞ்ச் ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒன்பது இஞ்ச், அதிகம் போனால் பத்து இஞ்ச் ஆழம் போதும். ஆழம் கூடினால் முன்னால் காலி இடம் இருக்கும், காலி இடம் இருந்தால் அங்கே சாவி, சீப்பு, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் வந்து உட்காரும், அல்லது இன்னொரு வரிசைப் புத்தகம் வந்து பின்வரிசையை மறைக்கும். மறைந்த புத்தகம் வீட்டில் இல்லாத புத்தகம் மாதிரிதான், இன்னொரு பிரதி வாங்கி வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

உயரம் டெமி அளவுக்குப் பத்து இஞ்ச் வைத்தால் மேலே விரல் நுழைய இடம் இருக்கும். ஒரே ஒரு தட்டை மட்டும் பதின்மூன்று, பதினான்கு இஞ்சாக விடுங்கள், பெரிய அளவுப் புத்தகங்களுக்கு. துளை போட்டு ஊக்கில் நிறுத்துகிற தட்டாக இருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், ஆணி அடித்து இறுக்கிவிட்டால் முடிந்தது.

நீளம் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள், 18 எம்எம் பிளைவுட்டாகவே இருந்தாலும். டெமி புத்தகங்களை நிறுத்தி மூன்றடி நிரப்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ வரும், பெரிய புத்தகங்கள் என்றால் இன்னும் கூடும். அந்த எடை தட்டு முழுக்கப் பரவி நிற்கும்போது நீளத்தை இரண்டு மடங்காக்கினால் நடுவில் தொய்வது 16 மடங்காகும், இது இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆன்லைனில் சல்லிசாக வருகிற மரத்தூள் பலகை ரேக்குகள் ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும். காசு குறைவு என்றால் தயங்காமல் இரும்பு ஆங்கிள் ரேக் போடுங்கள். பார்க்க மளிகைக்கடை மாதிரி இருக்கும்தான். ஆனால் வளையாது, கரையானுக்குத் தீனியும் ஆகாது, தட்டை ஏற்றி இறக்கலாம், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

தட்டின் மேல் செய்தித்தாள் விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் இருக்கும் அமிலம் மேலே உள்ள புத்தகத்துக்கும் இறங்கும், பூச்சி ஒளிந்துகொள்ளவும் வசதி. ஏதாவது விரித்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளை சார்ட் பேப்பர்.

எப்படிப் பிரிப்பது

நூலகங்களில் டூயி என்பவர் 1876ல் வெளியிட்ட பத்துப் பத்தாகப் பிரிக்கும் எண்முறையைப் பார்த்திருப்பீர்கள், தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்று முதுகில் ஒட்டியிருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933ல் கோலன் முறை என்று தனியாக ஒன்றே கொடுத்தார். லட்சக்கணக்கில் புத்தகம் இருக்கிற இடத்துக்கு, புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி, இப்படி ஏதாவது ஒன்று இல்லாமல் முடியாது. வீட்டுக்கு வேண்டாம். முந்நூறு புத்தகத்துக்கு நாற்பது பிரிவு போட்டு லேபிள் ஒட்டியவர்கள் வீட்டில்தான் அலமாரி சீக்கிரம் கலைகிறது, ஏனென்றால் ஒரு புத்தகத்தைத் திருப்பி வைக்க அது பயணமா, சுயசரிதையா, வரலாறா என்று நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கச் சோம்பல்பட்டு மேலே படுக்க வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு தட்டுக்கு ஒரு பிரிவு, மொத்தமாக ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். கதை, கவிதை, கட்டுரையும் வரலாறும், பிள்ளைகளுடையது, ஆங்கிலம், அகராதி மாதிரி அடிக்கடி புரட்டுவது, வீட்டில் யாருக்காவது தொழில் சம்பந்தமாக வேண்டியது. இப்படி உங்கள் வீட்டுக்கு எது பொருந்துமோ அது. பிரிவின் பெயரைக் கேட்டால் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகூட இந்தத் தட்டு என்று கை காட்ட வேண்டும், அந்த அளவுக்குப் பொதுவாக இருக்கட்டும். இன்னும் படிக்காமல் வைத்திருப்பதற்கு ஒரு தனித் தட்டு விடுங்கள், கண் மட்டத்தில். திருவிழாவில் வாங்கியது முதலில் அங்கே வரட்டும், படித்த பிறகு தன் பிரிவுக்குப் போகட்டும். அந்தத் தட்டு நிரம்பி வழிந்தால் அடுத்த திருவிழாவில் கை கொஞ்சம் அடங்கும், அல்லது அடங்காது, அது அவரவர் பாடு.

பிள்ளைகள் புத்தகம் அவர்கள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில். தாத்தா பாட்டி படிப்பது, அவர்கள் குனியவும் வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம் என்கிற உயரத்தில். பூஜை அறையில் இருக்கிற பாராயணப் புத்தகங்கள், திருவிளையாடற் புராணம், கந்த சஷ்டி கவசம் போன்றவை அங்கேயே இருக்கட்டும், அவற்றில் எண்ணெயும் குங்குமமும் ஒட்டியிருக்கும், மற்றதோடு கலந்தால் பூச்சிக்கு விருந்து.

நிறத்தை வைத்து அடுக்குவது, உயரத்தை வைத்து அடுக்குவது பற்றிக் கேட்பீர்கள். நிறம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். உயரம் ஒரு பிரிவுக்குள் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், கிரவுன் எல்லாம் ஒரு பக்கம், டெமி எல்லாம் ஒரு பக்கம் என்று. அதற்கு மேல் போனால் ஒரே எழுத்தாளர் நாலு இடத்தில் சிதறிப் போவார்.

பெயர் வரிசை

ஒரு பிரிவில் நாற்பது ஐம்பது புத்தகத்துக்கு மேல் போனால் எழுத்தாளர் பெயர் வரிசை தேவைப்படும், பெரும்பாலும் கதைப் பிரிவுக்குத்தான். தமிழ்ப் பெயரை வரிசைப்படுத்துவதில் சில சிக்கல்கள் இருக்கின்றன, முதலிலேயே முடிவெடுத்துவிட்டால் நல்லது.

முதலெழுத்தை விட்டுவிடுங்கள். கி. ராஜநாராயணன் 'கி'யில் வர மாட்டார், 'ரா'வில் வருவார். சில அட்டையில் கி.ரா. என்று மட்டும் இருக்கும், அதுவும் 'ரா'தான். அப்புறம் இந்த 'இ' பிரச்சினை: ஒரு பதிப்பகம் இராமசாமி என்று போடும், இன்னொன்று ராமசாமி என்று போடும். முன்னால் வரும் 'இ'யைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் 'ர'வில் வையுங்கள். லோகநாதன், உலோகநாதன் என்றாலும் அப்படியே.

ஜ, ஷ, ஸ, ஹ எங்கே என்பது அடுத்த கேள்வி. அகராதி வழக்கப்படி 18 மெய்யெழுத்தும் முடிந்து, 'ன'வுக்குப் பிறகுதான் அவை வரும். அப்படி வைத்தால் ஜெயகாந்தன் கடைசித் தட்டின் கடைசிக்குப் போய்விடுவார், பலர் அவரை 'ச' பக்கத்தில் தேடுவார்கள். அகராதி என்ன சொன்னாலும் வீட்டில் உள்ளவர்கள் கை எங்கே போகிறதோ அங்கே வையுங்கள், ஆனால் ஒன்றாகவே வையுங்கள். புனைபெயர் இரண்டு வைத்திருப்பவர்களை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம். கதைக்கு வண்ணதாசன், கவிதைக்கு கல்யாண்ஜி என்று எழுதியவர் ஒரே ஆள்தான். கவிதைக்குத் தனித் தட்டு வைத்திருந்தால் பிரிந்துதான் இருப்பார், அது பரவாயில்லை.

மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர் பெயரில். பழைய வீடுகளில் மாஸ்கோவில் அச்சான முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்கள் ஒரு வரிசையாவது இருக்கும், கெட்டி அட்டை போட்டு வந்தவை. அவற்றைப் பிரிக்க மனசு வராவிட்டால் பிரிக்காமல் ஒன்றாகவே வையுங்கள். எல்லோருக்கும் அவை இருக்கும் இடம் தெரிந்தால் சரி. பல பாகமாக வரும் நாவல்களில் ஒன்றாம் பாகம் இடது ஓரத்தில், கடைசி வலது ஓரத்தில். இது சொல்லித்தர வேண்டிய விஷயமா என்று தோன்றும், நாலைந்து வீடுகளில் போய்ப் பாருங்கள், தெரியும்.

நிறுத்துவது, படுக்க வைப்பது

இனி தட்டில் ஏற்றலாம். கனமானது கீழே, லேசானது மேலே. தட்டைக் கடைசி வரை நிரப்பாதீர்கள், நாலில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். நூலகம் வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிர் என்று ரங்கநாதன் 1931ல் தன் ஐந்து விதிகளில் கடைசி விதியாக எழுதினார், வீட்டு அலமாரிக்கு அது அப்படியே பொருந்தும். இன்று இடம் விடாவிட்டால் அடுத்து வாங்கும் மூன்று புத்தகமும் மற்றவற்றின் தலைமேல் ஏறும், திருப்பி வைக்க வருகிறவர் இடம் இல்லாமல் அவரும் தலைமேலேயே வைப்பார்.

புத்தகம் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் முதுகு கோணிப்போகும், இரண்டு கோடை கழிந்தால் திருத்த முடியாது. காலி இடம் இருக்கிற பக்கம் ஒரு தாங்கி வையுங்கள், இரும்புத் தகட்டை 'எல்' மாதிரி வளைத்தது. வெல்டிங் பட்டறையில் சொன்னால் மீந்த தகட்டில் செய்து தருவார்கள், ஓரத்தை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். முழுச் செங்கல்லைப் பழைய துணியில் சுற்றித் தைத்து வைத்தாலும் வேலை நடக்கும். ரொம்ப இறுக்கியும் அடுக்கக் கூடாது. பதம் எப்படித் தெரியும் என்றால், ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்து ஆட்களையும் விரலால் லேசாக உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதை முதுகின் மையத்தில் பிடித்து இழுத்தால் வழுக்கி வர வேண்டும். எப்போதும் இப்படித்தான் எடுக்கவும் வேண்டும். முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுப்பதால்தான் அந்த இடம் கிழிகிறது.

முதுகுகளைத் தட்டின் முன் விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே வைத்து ஒரே கோட்டில் நிறுத்துங்கள், பின்சுவரோடு தள்ளாதீர்கள். அகலம் வேறு வேறாக இருந்தாலும் முன்பக்கம் நேராக இருந்தால் ஒழுங்காகத் தெரியும், பின்னால் காற்றுக்கும் இடம் கிடைக்கும். பதித்த அலமாரி ஆழமாக இருந்து, இரண்டு வரிசை வைத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால், பின்வரிசைக்கு அடியில் நாலு இஞ்ச் உயரத்துக்குப் பலகையோ செங்கல்லோ கொடுத்துப் படிபோல உயர்த்துங்கள். முன்வரிசையில் கிரவுன் வைத்தால் பின்வரிசையின் பெயர்கள் எட்டிப் பார்க்கும், பார்த்தாலே போதும்.

கோலம், கட்டடக்கலை, ஓவியம் என்று பெரிய அளவில் வரும் படப் புத்தகங்களைப் படுக்க வைக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று, மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் போனால் அடியில் இருப்பதை யாரும் எடுக்க மாட்டார்கள். அட்டை மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள், மேலிருந்து கீழாக முதுகில் எழுத்துப் போட்டிருந்தால் அப்போது நேராகப் படிக்க வரும். தமிழ்ப் பதிப்பகங்கள் சில கீழிருந்து மேலாகவும் போட்டுவைத்திருக்கின்றன, அதற்கு நாம் கழுத்தைத்தான் சாய்க்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய சில ஐட்டங்கள் உண்டு. தீபாவளி மலர்கள்: அளவு பெரிது, முதுகு மெத்தென்று இருக்கும், நிறுத்தினால் மடங்கும், அந்தப் பதின்மூன்று இஞ்ச் தட்டில் வருஷ வாரியாகப் படுக்க வையுங்கள். மெலிந்த கவிதைத் தொகுப்புகள், பின் அடித்த சிறு பிரசுரங்கள்: முதுகே கிடையாது, நிறுத்தினால் இரண்டு தடித்த நாவலுக்கு நடுவில் காணாமல் போகும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஃபைலில் போட்டு, பெட்டி முதுகில் கவிதை என்று எழுதி நிறுத்திவிடலாம்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது தொடர்கதை பைண்டிங். அம்மாவோ அத்தையோ அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ முதுகு போட்டு பைண்ட் பண்ணி வைத்திருப்பார்கள். பல வீடுகளில் இதுதான் இருப்பதிலேயே அரிய புத்தகம், ஏனென்றால் அதே படங்களோடு, அதே விளம்பரங்களோடு, பக்க ஓரத்துத் துணுக்குகளோடு வேறு எங்கும் கிடைக்காது. தாள் மட்டம், மடக்கினால் அப்பளமாக நொறுங்கும். படுக்க வையுங்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள், 180 டிகிரி விரிக்காதீர்கள். முதுகில் பெயர் இருக்காது. கெட்டித் தாளில் ஒரு பட்டை வெட்டி, பென்சிலால் பெயரும் பத்திரிகையும் தெரிந்தால் வருஷமும் எழுதி உள்ளே செருகி, நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். செல்லோ டேப் எங்குமே வேண்டாம், நம் ஊர் வெயிலில் கோந்து உருகி மஞ்சளாகப் பரவிவிடும். ரப்பர் பேண்டும் அப்படித்தான், உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். கட்ட வேண்டும் என்றால் பருத்தி நாடா.

பூச்சி

வெளியே வைக்கச் சொன்ன குவியலுக்கு வருவோம். என்ன வந்திருக்கிறது என்று அடையாளம் பாருங்கள். அட்டையும் ஒட்டுப் பசையும் சுரண்டின மாதிரி இருந்தால் ராமபாணப் பூச்சி என்கிற வெள்ளிப் பூச்சி. பக்கங்களைத் துளைத்துக்கொண்டு வட்டமான ஓட்டை போனால் வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கரையான், அப்போது புத்தகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும். ஊசி முனை அளவில் வெளிறிய புள்ளிகள் ஓடினால் அது பேன் மாதிரியான ஒரு பூச்சி, பூஞ்சையைத் தின்ன வருவது, அது வந்திருக்கிறது என்றாலே அங்கே ஈரம் இருக்கிறது.

பழைய புத்தகக் கடையில் வாங்கியதையும் இந்தக் குவியலில் சேர்த்து, ஒவ்வொன்றாகக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், உடனே பிரித்தால் தாள் மேல் நீர் கோக்கும். வீட்டில் உள்ளவர்கள் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் புத்தகமா என்று கேட்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள்.

பாச்சை உருண்டை பற்றி ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில், குறிப்பாகத் தூங்குகிற அறையில், அதைப் போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. ஓலைச்சுவடிகளுக்கு நம்மவர்கள் வசம்பும் வேப்பிலையும் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். 1901ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தோடு இங்கே பாண்டியன் புத்தகசாலை தொடங்கியபோது சுவடிகள் வந்து சேர்ந்ததெல்லாம் அப்படி வீடு வீடாகக் காத்து வைத்தவைதான். வசம்பை இடித்துச் சின்னத் துணி முடிச்சாகத் தட்டின் மூலையில் வையுங்கள், வாசம் போனதும் மாற்றுங்கள். வேப்பிலை என்றால் சருகாகக் காய்ந்தது மட்டும், பச்சை இலையைப் பக்கத்துக்கு நடுவில் வைத்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம். இவை விரட்டும், கொல்லாது, வந்துவிட்ட கரையானை ஒன்றும் செய்யாது.

பிளாஸ்டிக் அட்டை போட்டுப் புத்தகத்தை மூடுவது பள்ளிக்கூடத்தோடு போகட்டும், மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். கண்ணாடிக் கதவு அலமாரி இருந்தால் மழை இல்லாத பகலில் அவ்வப்போது ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள்.

கடைசியாக, இரவல்

அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு தட்டையும் முதுகுப் பெயர் தெரிய போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தனியாகப் பட்டியல் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து நூறோடு நிறுத்துவதைவிட இது மேல், புத்தகக் கடையில் நிற்கும்போது இது நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்கவும் உதவும்.

இரவல் கொடுக்காமல் இருக்க முடியாது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டைத் தட்டிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பெயர், புத்தகம், தேதி. வாங்கிப் போகிறவரையே எழுதச் சொல்லுங்கள், நாம் எழுதினால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும், அவர் கையால் எழுதினால் மாமாவே ஆனாலும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். எடுத்த இடைவெளியில் ஒரு அட்டையைச் செருகிவிடுங்கள், பழைய கல்யாணப் பத்திரிகை போதும், அதில் போன புத்தகத்தின் பெயரை எழுதி. அந்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்கும், திரும்பி வரும்போது நேராக அங்கேயே வைத்துவிடலாம். ஆறு மாதமாகியும் அந்தப் பத்திரிகை அங்கேயே நின்றால் போன் பண்ணிக் கேளுங்கள், ஒரு வருஷமாகியும் நின்றால் வேறு பிரதி வாங்கிவிடுங்கள்.